மீள்கேட்பும் மக்களாட்சியும்: சித்தூர் – திருப்பதி எல்லைச் சிக்கலை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நிலப்பகுதி மக்கள் எந்த அரசியல் கூட்டமைப்பில் இருக்க வேண்டும் என்பதை அம்மக்களிடமே கேட்டு முடிவு செய்வது மக்களாட்சி நெறி என்பதில் இன்று பெரிதும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருமுறை கேட்டு விடை பெற்ற பின்னர் அதே வினாவை மீண்டும் எழுப்பலாமா என்பதில்தான் அறிஞர் வேறுபடுகின்றனர். மீண்டும் கேட்பது முதல் விடையை அவமதிப்பதாகும் என்பர் ஒரு சாரார். மனம் மாறும் உரிமையை மறுப்பதே மக்களாட்சிக்கு முரண் என்பர் மறுசாரார். ஐரோப்பிய நாடுகளை வைத்தே பெரும்பாலும் பேசப்படும் இவ்வினா நம் வடவெல்லை வரலாற்றிலும் உண்டு. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்க்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தின் எல்லை 1957இல் மீண்டும் ஆராயப்பட்டு 1960இல் மாற்றியமைக்கப்பட்டது. ஒரு முடிவு மீளத் திறக்கப்பட்டதற்கும் மாற்றப்பட்டதற்கும் இது தெளிவான சான்று. ஆயினும் இருமுறையும் மக்கள் வாக்களிக்கவில்லை என்பது கருதத்தக்கது. அந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு மீள்வாக்கெடுப்பின் மக்களாட்சித் தகுதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய எல்லையும் ஆட்சி எல்லையும்

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைத் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் சுட்டுகின்றது. வேங்கடத்தைப் புல்லி என்னும் தலைவனோடு இணைத்துப் பாடும் மாமூலனார், அதற்கு அப்பாற்பட்ட நிலத்தை மொழி வேறுபடும் நாடாகக் காட்டுகின்றார். சிலப்பதிகாரமும் ஆழ்வார் பாசுரங்களும் இம்மலையைத் தமிழ் உணர்வோடு பிணைத்துள்ளன. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளுள் தமிழ்க் கல்வெட்டுகள் பெருந்தொகையின. பல்லவர் குடியைச் சார்ந்த சாமவையின் கொடையைக் கூறும் கல்வெட்டு அவற்றுள் பெயர் பெற்றது. மார்கழித் திங்களில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படும் மரபு இன்றும் தொடர்கின்றது.

இம்மலை தெலுங்கிற்கும் உரியது. 15ஆம் நூற்றாண்டில் அன்னமாசாரியார் தெலுங்கில் பாடிய கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலையில் காக்கப்பட்டன. எல்லை என்பது இங்கு இருமொழியும் ஒன்றோடொன்று கலக்கும் அகன்ற நிலமாக இருந்ததேயன்றி ஒரு கோடாக இருந்ததில்லை.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று ஆங்கில அரசால் அமைக்கப்பட்டது. வடார்க்காட்டு மாவட்டத்தின் சித்தூர், பலமநேர், சந்திரகிரி முதலிய பகுதிகளும், கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களும் ஒன்றாக்கப்பட்டன. அதுவரை வடார்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூரே விளங்கியது. வருவாய் நிருவாக வசதி கருதி அமைக்கப்பட்ட இம்மாவட்டம், 42 ஆண்டுகளுக்குப் பின்னர் மொழிவழி மாநிலப் பிரிவினையின் அளவுகோலாக மாறும் என அதனை அமைத்தோர் எண்ணியிருக்க இயலாது.

1953: மாவட்டம் அலகாதல்

பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். அதனைத் தொடர்ந்து ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் எனப் பிரதமர் நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று அம்மாநிலம் தோன்றியது. 1953ஆம் ஆண்டின் ஆந்திர மாநிலச் சட்டம் 11 மாவட்டங்களை முழுமையாக அதில் சேர்த்தது. அவற்றுள் சித்தூரும் ஒன்று. பெல்லாரி மாவட்டத்தை மட்டும் அச்சட்டம் வேறு வகையில் நடத்தியது. ஆலூர், ஆதோனி, ராயதுர்கம் ஆகிய மூன்று வட்டங்கள் ஆந்திரத்திற்கும் எஞ்சிய வட்டங்கள் மைசூருக்கும் சென்றன. பெல்லாரி வட்டத்தின் நிலையை ஆராய நீதிபதி மிஸ்ரா அமர்த்தப்பட்டார்.

ஒரே சட்டம், ஓர் இருமொழி மாவட்டத்தை வட்டம் வட்டமாகப் பிரித்தது. மற்றோர் இருமொழி மாவட்டத்தை முழுமையாக ஒரு மாநிலத்தில் வைத்தது. மாவட்டம் அலகாகக் கொள்ளப்பட்டபோது சித்தூரில் தெலுங்கர் பெரும்பான்மையினர். ஆதலின் திருத்தணித் தமிழரும் அப்பெரும்பான்மைக்குள் அடங்கினர். வட்டம் அலகாகக் கொள்ளப்பட்டிருப்பின் விடை வேறாக இருந்திருக்கும். எண்ணுவதற்கு முன்னரே எந்த வட்டத்திற்குள் எண்ணுவது என்பது முடிவாகிவிடுகின்றது. அம்முடிவை எடுப்பவர் மக்களல்லர். வாக்கெடுப்புப் பற்றிய எவ்வாய்விலும் முதலில் நோக்கத்தக்கது இதுவே எனலாம்.

1957 – 1960: சிற்றூர் அலகாதல்

ம. பொ. சிவஞானம் 1946இல் நிறுவிய தமிழரசுக் கழகம் வடவெல்லைக் கிளர்ச்சியை முன்னின்று நடத்தியது. மங்கலங்கிழார், திருத்தணி கே. விநாயகம் முதலியோர் அவ்வட்டாரத்தில் மக்களைத் திரட்டினர். மாநிலம் அமைந்த பின்னர் எல்லைகள் ஆராயப்படும் என்னும் எதிர்பார்ப்பு 1953இலேயே இருந்தது. அதன் தொடர்ச்சியாக எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். அவரது முடிவு 1957இல் வெளிவந்தது. அதன் அடிப்படையில் நாடாளுமன்றம் இயற்றிய ஆந்திரப் பிரதேச – சென்னை எல்லை மாற்றச் சட்டம், 1959, 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்திற்கு வந்தன. மாற்றாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சத்தியவேடு உள்ளிட்ட பகுதிகள் ஆந்திரப் பிரதேசத்திற்குச் சென்றன.

படாஸ்கர் கொண்ட நெறி சிற்றூரை அலகாகக் கொள்வது; மொழிப் பெரும்பான்மையைக் கருதுவது; நிலத் தொடர்ச்சியை வலியுறுத்துவது. 1953க்கும் 1957க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் திருத்தணியில் மக்கள் மாறவில்லை. அவர்தம் மொழியும் மாறவில்லை. அலகு மாறியது, ஆதலின் விடையும் மாறியது.

கிளர்ச்சியின் முழக்கம் வேங்கடத்தை நோக்கி அமைந்தது. முடிவோ திருத்தணியோடு நின்றது. சிற்றூரை அலகாகக் கொண்டு நிலத் தொடர்ச்சியையும் வேண்டும் நெறியில் திருப்பதி தமிழ்ப் பகுதியாகக் கொள்ளப்படுவதற்கு இடமில்லாது போயிற்று. பாயிரம் கூறும் எல்லை பண்பாட்டு வரலாற்றிற்குச் சான்றாகுமேயன்றி, 20ஆம் நூற்றாண்டுத் திருப்பதி மக்கள் எம்மாநிலத்தை விரும்பினர் என்பதற்குச் சான்றாகாது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் வழக்கம் நம் மேடைகளிலும் சில ஆய்வுகளிலும் காணப்படுகின்றது. அது தமிழ்ப் பற்றின் வெளிப்பாடாக இருக்கலாம். வரலாற்று முறையியலுக்கு உகந்ததன்று.

கணக்கெடுப்பு வாக்கெடுப்பாகுமா?

1953இலும் 1957இலும் மக்கள் விருப்பத்தின் இடத்தில் வைக்கப்பட்டது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழிப் பத்தியாகும். இதில் இரு குறைகள் உள்ளன.

ஒன்று, தாய்மொழி கூறுவது மாநிலம் தெரிவு செய்வதாகாது. வீட்டில் தமிழ் பேசும் சித்தூர் வணிகர் தம் வாணிகத் தொடர்பு கருதி ஆந்திரத்தை விரும்பக்கூடும். தெலுங்கு பேசும் திருத்தணி உழவர் சென்னைச் சந்தையைக் கருதிச் சென்னை மாநிலத்தை விரும்பக்கூடும். இவர்களின் விருப்பத்தைக் கணக்கெடுப்புத் தாள் அறியாது. மற்றொன்று, கணக்கெடுப்பு வாக்காகக் கொள்ளப்படும் என்பதை மக்கள் அறிந்துவிட்டால் அது கணக்கெடுப்பாக நிலைப்பதில்லை. பஞ்சாபில் மொழிப் பூசலின் விளைவாக 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தி, பஞ்சாபி, உருது, பகாரி ஆகியவற்றைத் தனித்தனியே வெளியிட இயலாது போய், அவை ஒருசேரத் தொகுக்கப்பட்டன. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பஞ்சாபி பேசுவோர் பலர் தம் தாய்மொழி இந்தி எனப் பதிவு செய்தனர். அக்கணக்கே 1966ஆம் ஆண்டுப் பஞ்சாப் பிரிவினைக்கு அடிப்படையாயிற்று.

இதனோடு மற்றொரு முரணும் உண்டு. கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் முறைமையுடையது. அது மக்கள் விருப்பத்தின் குரல் என்றால் ஒவ்வொரு முறையும் எல்லை மாற வேண்டும். அவ்வாறு எவரும் கோருவதில்லை. எனவே கணக்கெடுப்பை மக்கள் தீர்ப்பு எனக் கூறியோரும் அதனை ஒருமுறை மட்டுமே தீர்ப்பாகக் கொண்டனர். பின்னர் மீண்டும் வெறும் புள்ளிவிவரமாக்கினர்.

மக்கள் கேட்கப்பட்ட இடங்கள்

இந்தியாவில் மக்களை நேரே கேட்ட நிகழ்வுகள் சிலவே. தமிழ் நிலத்தில் நடந்த நிகழ்வு கீழூருக்குரியது. புதுவை முதலிய பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவுடன் இணைவது பற்றி 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேராளர் வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஏற்றனர்; எண்மர் மறுத்தனர். 1948ஆம் ஆண்டு உடன்பாடு மக்கள் வாக்கெடுப்பையே கூறியது. சந்திரநாகூரில் 1949இல் அது நடந்தேறியது. புதுவையில் மக்களுக்குப் பகரமாகப் பேராளர் வாக்களித்தனர். முடிவு மக்கள் விருப்பத்திற்கு மாறானது எனக் கொள்ள இடமில்லை. ஆயினும் கேட்கும் முறை இடையில் மாற்றப்பட்டது என்பது உண்மை.

கோவா நிகழ்வு இன்னும் தெளிவானது. மகாராட்டிரத்துடன் இணைவதா, தனி ஒன்றியப் பகுதியாக நீடிப்பதா என்னும் வினா 1967 சனவரி 16 அன்று மக்கள் முன் வைக்கப்பட்டது. தனித்து நீடிக்க 1,72,191 பேரும், இணைய 1,38,170 பேரும் வாக்களித்தனர். வேறுபாடு 34,021 வாக்குகள். இணைப்பை வேண்டிய மகாராட்டிரவாதி கோமந்தகக் கட்சியே அதன்பின் அதே ஆண்டில் நடந்த தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தது. ஓர் ஆட்சியை விரும்பும் மக்கள் அவ்வாட்சியாளரின் எல்லைக் கொள்கையையும் ஏற்கின்றனர் எனக் கொள்வது தவறு என்பதை இஃது உணர்த்துகின்றது. சட்டமன்றத்தின் தீர்மானத்தை மக்கள் விருப்பம் எனக் கொள்வோர் இதனைக் கருத வேண்டும். 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பு மீண்டும் கேட்கப்படவில்லை. எனினும் அன்று வாக்குச்சீட்டில் இடம்பெறாத மூன்றாம் விடையாகிய தனி மாநிலம் 1987 மே 30 அன்று கோவாவிற்குக் கிடைத்தது. இரண்டு விடைகளுக்குள் அடைக்கப்பட்ட மக்களின் தீர்ப்பு முழுத் தீர்ப்பன்று என்பதற்கும் இஃது ஒரு சான்று.

அரசமைப்பின் 3ஆம் உறுப்பு

மாநில எல்லைகளை மாற்றும் அதிகாரத்தை அரசமைப்பின் 3ஆம் உறுப்பு நாடாளுமன்றத்திற்கு அளிக்கின்றது. தொடர்புடைய சட்டமன்றத்தின் கருத்து கேட்கப்பட வேண்டும். அதன் இசைவு வேண்டியதில்லை. மக்களைக் கேட்கும் கடமை எங்கும் கூறப்படவில்லை. மீள்கேட்புப் பற்றிய வினா உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. 1956இல் மூன்று பிரிவுகளாக அமைக்கக் கருதப்பட்ட பம்பாய் மாநிலம், நாடாளுமன்றத்தில் ஒரே இருமொழி மாநிலமாக மாற்றப்பட்டது. மாற்றத்திற்குப் பின் சட்டமன்றத்தை மீண்டும் கேட்க வேண்டாமா என்பது வழக்கு. வேண்டியதில்லை என 1959ஆம் ஆண்டு பாபுலால் பராத்தே வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் நோக்கில் அது தீர்வாயிற்று. மக்கள் நோக்கில் தீர்வாகவில்லை. 1960 மே 1 அன்று, சித்தூர் எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்த ஒரு திங்களில், பம்பாய் மாநிலம் மகாராட்டிரமாகவும் குசராத்தாகவும் பிரிந்தது.

ஆந்திரத்திற்கு நெருக்கமான மற்றொரு சான்று தெலங்கானா. 1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், ஐதராபாத்தைத் தனி மாநிலமாக வைத்து, 1961ஆம் ஆண்டையொட்டி நடைபெறும் தேர்தலுக்குப் பின் அதன் சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் விரும்பினால் ஆந்திரத்துடன் இணைக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அவ்வினா கேட்கப்படவே இல்லை. 1956 நவம்பர் 1 அன்று இணைப்பு நடந்தது. கர்நூலில் இருந்த தலைநகர் ஐதராபாத்திற்குச் சென்றது. சித்தூர் மக்கள் 1953இல் சேர்க்கப்பட்ட மாநிலம் மூன்றே ஆண்டுகளில் வேறொரு மாநிலமாயிற்று. அவர்களையும் எவரும் கேட்கவில்லை. 2014 சனவரியில் ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் பிரிவினை முன்வடிவை மறுத்தது. 2014 சூன் 2 அன்று தெலங்கானா தோன்றியது. 1961இல் கேட்டிருக்க வேண்டிய வினா அரை நூற்றாண்டு கழித்துக் கிளர்ச்சியாகத் திரும்பியது எனலாம்.

அயல்நாட்டு மீள்வாக்கெடுப்புகள்

டென்மார்க் மக்கள் 1992 சூன் 2 அன்று மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை மிகச் சிறிய வேறுபாட்டில் மறுத்தனர். நான்கு துறைகளில் விலக்குப் பெற்ற பின்னர் 1993 மே 18 அன்று மீண்டும் கேட்கப்பட்டு 56.7 விழுக்காட்டினர் ஏற்றனர். அயர்லாந்து நைஸ் உடன்படிக்கையை 2001இல் மறுத்து 2002இல் ஏற்றது. லிஸ்பன் உடன்படிக்கையை 2008இல் மறுத்து 2009இல் ஏற்றது. 2001ஆம் ஆண்டு வாக்களிப்பில் பங்கேற்றோர் ஏறத்தாழ 35 விழுக்காட்டினரே.

இவற்றுள் டென்மார்க்கில் இரண்டாம் முறை கேட்கப்பட்டது முதல் வினாவன்று. மக்கள் மறுத்த பகுதிகள் விலக்கப்பட்ட புதிய வினா அது. அயர்லாந்திலும் படைத்துறை நடுநிலை முதலியன குறித்து உறுதிமொழிகள் பெறப்பட்டன. ஆயினும் ஒரு குறை எஞ்சுகின்றது. மறுப்பு வந்தபோதே மீண்டும் கேட்கப்பட்டது. ஏற்பு வந்தபின் கேட்கப்படவில்லை. ஒரு திசையில் மட்டும் திறக்கும் கதவு மக்களாட்சியின் கதவாகாது.

நார்வே இதற்கு மாறானது. ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்வதா என 1972இல் கேட்கப்பட்டு மறுக்கப்பட்டது. 22 ஆண்டுகள் கழித்து 1994இல் மீண்டும் கேட்கப்பட்டு மீண்டும் மறுக்கப்பட்டது. கேட்டவர் விரும்பிய விடை கிடைக்கவில்லை, முடிவு ஏற்கப்பட்டது. பிரிட்டன் 1975இல் 67.2 விழுக்காட்டு வாக்குகளால் நீடிக்க விரும்பி, 2016இல் 51.9 விழுக்காட்டு வாக்குகளால் விலக விரும்பியது. 41 ஆண்டுகளில் பொதுச் சந்தை ஓர் அரசியல் ஒன்றியமாக மாறியிருந்தது. வாக்காளரில் ஒரு தலைமுறையும் மாறியிருந்தது. நியூ கலிடோனியாவில் 1998ஆம் ஆண்டு உடன்பாடு மூன்று முறை வரை கேட்கலாம் என முன்கூட்டியே வகுத்தது. 2018, 2020 வாக்கெடுப்புகளில் இரு தரப்பும் பங்கேற்றன. 2021இல் விடுதலை வேண்டிய தரப்பு புறக்கணித்ததால் 96.5 விழுக்காட்டு முடிவும் சிக்கலைத் தீர்க்கவில்லை. முன்கூட்டி வகுத்த நெறியும் இரு தரப்பின் பங்கேற்பின்றிப் பயன்படாது என்பது இதனால் பெறப்படும்.

சித்தூருக்குப் பொருத்திப் பார்த்தல்

மேற்கண்டவற்றிலிருந்து மீள்கேட்பு மக்களாட்சிக்கு உகந்ததாக அமையும் சூழல்களை வரையறுக்கலாம். முதல் முடிவு இறுதியானதன்று என முன்னரே உணர்த்தப்பட்டிருத்தல், அல்லது வினாவின் உட்பொருள் மெய்யாகவே மாறியிருத்தல் வேண்டும். எவ்விடை வரினும் மீளத் திறக்கும் உரிமை இரு தரப்பிற்கும் ஒத்திருத்தல் வேண்டும். எண்ணும் அலகை வினா எழுப்புவோர் தம் வெற்றி கருதித் தெரிவு செய்யாதிருத்தல் வேண்டும்.

சித்தூர் எல்லை 1957இல் மீளத் திறக்கப்பட்டது முதல் வரையறைக்குப் பொருந்துகின்றது. 1953ஆம் ஆண்டு எல்லை ஆராய்விற்கு உட்பட்டது எனவே கொள்ளப்பட்டது. இரண்டு மாநிலங்களும் நடுவர் முடிவை ஏற்றன. திருத்தணி வந்தது, சத்தியவேடு சென்றது. ஆதலின் கதவு இரு திசையிலும் திறந்தது. பெரிய அலகைச் சிறிய அலகாக்கியதும் மக்களை நெருங்கிய செயலே. இவ்வகையில் ம. பொ. சி. முதலியோரின் கிளர்ச்சி முடிந்த முடிவைக் குலைக்கும் முயற்சி என்னும் குற்றச்சாட்டு நிலைக்காது.

குறை வேறிடத்தில் உள்ளது. இருமுறையும் மக்கள் கணக்கிடப்பட்டனர், கேட்கப்படவில்லை. திருத்தணித் தெலுங்கரும் சத்தியவேட்டுத் தமிழரும் தம் ஊரின் பெரும்பான்மையால் முடிவு செய்யப்பட்டோர். சிற்றூரை அலகாக்கினாலும் சிறுபான்மை மறைவதில்லை. அதன் எண்ணிக்கை குறைகின்றது, அவ்வளவே. வாக்கெடுப்பு நடந்திருப்பினும் இந்நிலை எஞ்சியிருக்கும். ஆயின் தோற்றவர் தம் கருத்து எண்ணப்பட்டது என்னும் நிறைவையேனும் பெற்றிருப்பர்.

மீண்டும் வாக்கெடுப்பு வேண்டுமா எனில், இன்று வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. 60 ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளி, நீதிமன்றம், நிலப் பதிவேடு, வேலைவாய்ப்பு அனைத்தும் இவ்வெல்லையின் மீது எழுந்துள்ளன. இரு பக்கத்திலும் அதனைத் திறக்கும் பொதுக் கோரிக்கை இல்லை. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாக்கப்பட்டபோது சத்தியவேடும் அதனுள் அமைந்தது. மாநில எல்லை பேசுபொருளாகவில்லை. கேட்கப்படாத மக்களுக்கு அரசுகள் பட்ட கடன் எல்லை மாற்றத்தால் அன்று, மொழி உரிமையால் அடைக்கப்பட வேண்டியது. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம் சேர்த்த 350அ உறுப்பு சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு கூறுகின்றது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியரும் பாடநூலும் உரிய காலத்தில் கிடைத்தல் அக்கடனின் ஒரு பகுதி. ஓசூர், திருத்தணிப் பகுதிகளின் தெலுங்குக் குழந்தைகளுக்கும் அதே உரிமை உண்டு. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அவர்கள் எழுப்பிய வினாவைத் தமிழறிஞர் பரிவோடு அணுக வேண்டும். வடவெல்லைக்கு அப்பால் நாம் வேண்டுவதை இப்பால் மறுத்தல் பொருந்தாது.

முடிவுரை

அரசியல் கூட்டமைப்பு குறித்த வினாவை மீண்டும் கேட்பது தன்னளவில் மக்களாட்சிக்கு முரணன்று. வேண்டிய விடை கிடைக்கும் வரை மட்டும் கேட்பதும், கிடைத்தபின் கதவை அடைப்பதும் முரணாகும். சித்தூர் வரலாறு இதனினும் அடிப்படையான ஒன்றைக் காட்டுகின்றது. அலகைத் தெரிவு செய்பவரே பெரிதும் விடையைத் தெரிவு செய்கின்றார். மாவட்டம் அலகானபோது திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. சிற்றூர் அலகானபோது தமிழ்நாட்டிற்கு வந்தது. கணக்கெடுப்பு மொழியை அறியும், விருப்பத்தை அறியாது. இலக்கியம் கூறும் எல்லை பண்பாட்டை அறியும், வாக்காளரை அறியாது. இவ்வேறுபாடுகளைப் பேணி வடவெல்லைப் போராட்ட வரலாற்றை எழுதுதல், அப்போராட்டத்தின் பெருமையைக் குறைக்காது. அதன் நேர்மையை நிலைநாட்டவே உதவும். தெலுங்கு மொழியிலுள்ள சமகாலப் பதிவுகளையும் தமிழ்ப் பதிவுகளையும் ஒருங்கே வைத்து, இருபுறச் சிற்றூர்களிலும் களஆய்வு செய்தல் இத்துறையில் இனி நிகழ வேண்டிய பணியாகும்.